இரத்தம் நிற்காத பிள்ளையும் நீளும் பிரசவமும்: வாசகர் கேள்விகளுக்குத் தாதியின் பதில்கள்

ஏப்ரல் 17 உலக ஹீமோஃபீலியா நாள் என்பதால், சென்ற இதழில் இரத்தம் உறையாத நோயைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அந்நோய் உள்ள பிள்ளைக்குக் காயம் பட்டால் இரத்தம் மற்றவர்களைவிட வேகமாகக் கொட்டுவதில்லை, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும் என்பதும், பெரும்பாலும் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும் என்பதும் அதன் சாரம். அதைப் படித்துவிட்டு மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பலர் எழுதியிருக்கிறார்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்டவர்களும் பிரசவத்தைப் பற்றிக் கேட்டவர்களும் ஏறக்குறைய சமமாக இருந்தது எனக்கு வியப்பாக இல்லை, ஏனெனில் இரண்டும் ஒரே வீட்டுக் கவலைதான். இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் நலன் கருதிப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எனக்கு இது ஏழாம் மாதம், முதல் பிள்ளை. ஸ்கேனில் ஆண் குழந்தை என்று சொன்னார்கள். என் கூடப் பிறந்த அண்ணனுக்கு ஹீமோஃபீலியா. சிறு வயதிலிருந்தே ஈப்போவுக்குப் போய் ஊசி போட்டு வருகிறார், ஒரு கால் முட்டியை முழுதாக நீட்ட முடியாது. எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதால் கிளினிக்கில் இதைச் சொல்லவில்லை. "சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், உன் தங்கைக்கு வரன் அமையாது" என்று வீட்டில் தடுக்கிறார்கள். சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லத்தான் வேண்டும், அடுத்த முறை கர்ப்பிணிகளுக்கான பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகும்போதே சொல்ல வேண்டும். வீட்டார் சொல்வதில் உள்ள அச்சம் எனக்குப் புரிகிறது. தோட்டத்து லயங்களில் ஒரு செய்தி பரவும் வேகத்தை நானும் அறிவேன். ஆனால் கிளினிக் டேசா என்னும் கிராமச் சுகாதார நிலையத்தில் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) நீங்கள் சொல்வது உங்கள் மருத்துவக் குறிப்பில் ஏறுமே தவிர, ஊருக்குப் போகாது. அந்த ஒரு வரி ஏறாமல் நீங்கள் பிரசவ அறைக்குள் போனால், உங்களையும் குழந்தையையும் கவனிக்கும் அத்தனை பேரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைத் தெரியாமலே வேலை செய்வார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் தாயார் நோய்க் கடத்தி, அதாவது நோய்க்கான மரபணுவைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர் என்றால், நீங்களும் கடத்தியாக இருப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. நீங்கள் கடத்தி என்றால், இந்த ஆண் குழந்தைக்கு நோய் இருப்பதற்கு மீண்டும் இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே சோதனை எதுவும் செய்யாத இன்றைய நிலையில் உங்கள் குழந்தைக்கு நோய் இருக்கக்கூடிய வாய்ப்பு நான்கில் ஒரு பங்கைத் தாண்டாது. நோய் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனாலும் நான்கில் ஒன்று என்பது பேசாமல் விட்டுவிடக்கூடிய அளவன்று.

அடுத்து உங்கள் உடம்பு. கடத்தியாக இருக்கும் பெண்ணுக்கு நோய் இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அது பாதி உண்மைதான். கடத்திகளில் சிலருக்கு, இரத்தம் உறைய உதவும் புரதமான உறைகாரணியின் அளவு குறைந்தே இருக்கும். மாதவிலக்கு நாட்கள் நீளும், பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காது. அண்ணனுக்குக் குறைவது எட்டாம் காரணியா ஒன்பதாம் காரணியா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் எட்டாம் காரணி தானாகவே உயரும், ஒன்பதாம் காரணி அப்படி உயர்வதில்லை. அதனால்தான் கடைசி மூன்று மாதங்களில் ஒருமுறை இரத்தமெடுத்து அளந்து பார்ப்பார்கள். அளவு 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பிரசவத்துக்கும் முதுகுத் தண்டில் போடும் மயக்க ஊசிக்கும் பொதுவாகத் தடையில்லை. குறைந்திருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வார்கள். ஒன்றை மறந்துவிட வேண்டாம்: அளவு சரியாக இருப்பதால் நீங்கள் கடத்தி இல்லை என்று ஆகிவிடாது, அதை உறுதிப்படுத்துவது மரபணுச் சோதனை மட்டுமே.

எங்கே பிரசவம் பார்ப்பது என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். நம் நாட்டில் கர்ப்பிணிகளின் குறிப்பேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்தின் அளவுக்கேற்ப நிற அடையாளம் இடுவதை அறிவீர்கள். அண்ணனின் நோயைச் சொன்ன பிறகு உங்களை வெள்ளையிலேயே விட்டுவைக்க மாட்டார்கள், மருத்துவரிடமும் பிறகு நிபுணரிடமும் அனுப்புவார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரியாஸ்பத்திரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வலி வந்த பின் நள்ளிரவில் அந்தத் தூரத்தைக் கடப்பதும், எல்லாம் பேசி வைத்த பின் நிதானமாகப் போய்ச் சேருவதும் ஒன்றாகாது.

பிரசவ அறையில் என்ன மாறும்? ஹீமோஃபீலியா இருக்கலாம் என்று ஐயப்படும் குழந்தையின் தலையில், உறிஞ்சிப் பிடித்து வெளியே இழுக்கும் வேக்கம் கருவியை வைப்பதில்லை, கடினமான ஆயுதப் பிரசவத்தைத் தவிர்ப்பார்கள், இதயத் துடிப்பை அளப்பதற்காகத் தலைத்தோலில் முள் போன்ற மின்முனையைக் குத்துவதில்லை. வெளியிலிருந்து வயிற்றில் பட்டை கட்டியே துடிப்பைக் கவனிப்பார்கள். உங்களுக்குக் கட்டாயமாக அறுவைச் சிகிச்சை என்று நினைத்துவிட வேண்டாம், இயல்பாகவே பெற்றெடுக்கலாம். ஆனால் பிரசவம் நகராமல் நின்றால், மற்றவர்களுக்குக் காத்திருப்பதைப் போல உங்களுக்குக் காத்திருக்காமல் சற்று முன்னதாகவே அறுவைச் சிகிச்சைக்கு முடிவெடுப்பார்கள். இந்த நிதானம் எல்லாம் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்தே இரத்தமெடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம், குழந்தையைக் குத்த வேண்டியதில்லை. முடிவு வரும்வரை தொடையில் ஆழமாகப் போடும் ஊசிகளைத் தள்ளி வைப்பார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் வைட்டமின் கே ஊசியை வாய்வழி மருந்தாகக் கொடுக்க முடியும். அது வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஏனெனில் அந்த வைட்டமின் குறைந்தாலும் பச்சிளங்குழந்தைக்கு இரத்தம் கசியும். ஒன்பதாம் காரணி எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்குமே குறைவாக இருப்பதால், அந்த வகையின் லேசான நிலையை உறுதிப்படுத்த ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்வார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிரசவத்துக்குப் பின் வரும் வாரங்களை வீட்டில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை, எனக்கு அதுதான் அதிகக் கவலை. கர்ப்பத்தில் உயர்ந்த எட்டாம் காரணி பிள்ளை பிறந்தபின் பழைய நிலைக்கு இறங்கும். அதனால் முதல் நாள் நன்றாக இருந்தவருக்கு இரண்டாம் வாரத்தில் இரத்தப்போக்கு கூடலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ, கட்டி கட்டியாக விழுந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருண்டாலோ, "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று படுத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள். வயிற்றை உருவி விட ஆள் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு வயது ஒன்றரை. தவழத் தொடங்கியதிலிருந்தே உடம்பெல்லாம் கருநீலத் தடிப்பு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கிள்ளியிருப்பார் என்று என் மாமியார் சண்டை போட்டு, அவரை நிறுத்திவிட்டோம். பிறகு முட்டி வீங்கியது. சுளுக்கு என்று பாட்டி மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவி விட்டார், வீக்கம் இரண்டு மடங்கானது. மருத்துவமனையில் கடுமையான ஹீமோஃபீலியா என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் இரு குடும்பத்திலும் யாருக்கும் இந்நோய் இல்லை. வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

பதில்: குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்ற உங்கள் திகைப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹீமோஃபீலியா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்னர் யாருக்கும் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றம் அது. நீங்கள் கர்ப்பத்தில் உண்டதாலோ செய்ததாலோ வந்ததன்று, யார் மீதும் பழி இல்லை. அந்த அக்காவின் வீட்டுக்கு ஒருமுறை போய் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். குழந்தை தவழவும் நிற்கவும் தொடங்கும் வயதில்தான் கடுமையான வகை வெளியே தெரியும், அந்த வயதில் பிள்ளை யார் மடியில் இருக்கிறதோ அவர்மேல் சந்தேகம் விழுவது பல வீடுகளில் நடக்கிறது.

பாட்டியையும் கடிந்துகொள்ள வேண்டாம், ஆனால் இனி வீங்கிய மூட்டை யாரும் உருவக் கூடாது, தைலம் போட்டுத் தேய்க்கக் கூடாது, சூடு வைக்கக் கூடாது. மூட்டுக்குள் கசிந்த இரத்தம் உள்ளே அடைபட்டு நிற்கிறது. தேய்ப்பதும் சூடு வைப்பதும் கசிவைக் கூட்டும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் உள்சவ்வு தடித்து, எலும்பின் முனை அரித்து, கால் நீட்ட முடியாமல் போகும். மேலே கடிதம் எழுதிய தங்கையின் அண்ணனுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மூட்டுக் கசிவு வீக்கத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பெரிய பிள்ளை "உள்ளே குறுகுறு என்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லும், உங்கள் மகனால் சொல்ல முடியாது. நேற்று ஓடியவன் இன்று ஒரு காலை ஊன்றத் தயங்குவது, கால்சட்டை மாட்டும்போது ஒரு பக்கம் மட்டும் அழுவது, இரு முட்டிகளையும் உங்கள் உள்ளங்கைகளால் ஒரே நேரத்தில் தொட்டால் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருப்பது, இவையே அவன் பேச்சு. காலையில் குளிப்பாட்டும்போது முட்டி, கணுக்கால், முழங்கை மூன்றையும் இப்படித் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஐயம் வந்தால் வீக்கத்துக்காகக் காத்திருக்காமல், முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், குறையும் உறைகாரணியை ஏற்றும் ஃபேக்டர் ஊசி கிடைக்கச் செய்ய வேண்டும்.

ஊசிக்குப் புறப்படும்போதே மூட்டுக்கு ஓய்வு தொடங்கட்டும். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைக்காமல், ஈரத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுங்கள், இரண்டு மணி நேரம் விட்டு மறுபடியும் வைக்கலாம். முட்டிக்கு அடியில் சிறு தலையணை கொடுத்து, அவன் எந்த அளவு மடக்கி வைத்துக்கொள்கிறானோ அந்த அளவிலேயே விடுங்கள், நேராக்க வேண்டும் என்று இழுக்க வேண்டாம். வலிக்கு பனடோல் போதும். ஆஸ்பிரின், புரூஃபன், பொன்ஸ்தான், வோல்தரன் ஆகியவை இரத்தத் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பவை என்பதால் இவன் உடம்புக்கு ஆகாதவை. தோட்டத்து டிரெசரிடமோ (மருத்துவ உதவியாளரிடமோ) தனியார் கிளினிக்கிலோ காய்ச்சலுக்குப் போனால்கூட, இடுப்பில் ஊசி போட வேண்டாம் என்பதை உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வலியும் வீக்கமும் அடங்கியபின் மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். பயந்துபோய் வாரக்கணக்கில் தூக்கி வைத்திருந்தால் தொடைத் தசை சூம்பி, அடுத்த கசிவுக்கு அதுவே காரணமாகும்.

ஃபேக்டர் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால், குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், பனி உறையும் அறைக்கு அருகிலோ கதவிலோ வேண்டாம். உறைந்துபோன மருந்து பயன்படாது. வெளியில் எடுத்துச் சற்று நேரம் வைத்திருந்த பின்பே கலக்க வேண்டும். தண்ணீர் மருந்தைப் பொடியின்மேல் விட்டதும் குப்பியைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டுங்கள், நுரை வந்தால் மருந்தின் சத்து வீணாகும். தெளிந்த பின் மெதுவாகச் செலுத்தி, ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்துத் தேய்க்காமல் ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். நாள், நேரம், எந்த மூட்டு, எத்தனை யூனிட், குப்பியின் தொகுதி எண் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எட்டாம் காரணி உடம்பில் 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், சிறு பிள்ளைகளுக்கு இன்னும் விரைவாகவே குறையும். ஆகவே ஒரு மூட்டுக் கசிவு ஓர் ஊசியோடு தீராமல் போகலாம். வழக்கமான அளவு போட்டும் வீக்கம் அடங்கவில்லை என்றால் உடனே தெரிவியுங்கள். மருந்தையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் சிலருக்கு உடம்பில் உருவாகிவிடும், கடுமையான வகையில் 100 பேரில் 25 முதல் 30 பேருக்கு இது நேர்கிறது.

கசிந்த பின் போடுவதைவிட, கசியாமலிருக்க வாரத்தில் இரண்டு மூன்று முறை தவறாமல் போடுவது மூட்டுகளைக் காக்கிறது. ஸ்வீடனில் 1958-ஆம் ஆண்டிலேயே இதைத் தொடங்கினார்கள். மூன்று வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்பதால், உங்கள் மகனுக்கு எப்போது தொடங்கலாம் என்று அடுத்த சந்திப்பில் நீங்களாகவே கேளுங்கள். கோலாலம்பூரில் உள்ள தேசிய இரத்த மையத்தில் ஹீமோஃபீலியாவுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது, தேவைப்பட்டால் ஈப்போ மருத்துவர்களே அங்கே கடிதம் கொடுத்து அனுப்புவார்கள்.

தலையில் அடிபட்டால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள். விழுந்த பிள்ளை அழுது முடித்துச் சிரித்து விளையாடினாலும், முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். அதையும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தவுடன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூளைக்குள் கசியும் இரத்தம் ஒரு நாள் கழித்துக்கூட வாந்தியாகவும் தூக்கமாகவும் வெளிப்படும். இன்னொன்று: அடிவயிற்றின் ஓரத்தில் வலிக்கிறது என்று தொடையை மடக்கிக்கொண்டு நீட்ட மறுத்தால், அது குடல்வால் வலி போலத் தோன்றினாலும் இடுப்புத் தசைக்குள் நடக்கும் கசிவாக இருக்கலாம்.

தடுப்பூசிகளை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போட்டு, பிறகு நன்றாக அழுத்திப் பிடித்தால் போதுமானது.

கேள்வி: இரத்தம் நிற்காத பிள்ளைக்குக் காது குத்தலாமா? பத்துமலையில் முடி இறக்குவதாக நேர்ந்திருக்கிறோம்.

பதில்: முடி இறக்கலாம். சவரக் கத்தி வேண்டாம், மின்சார முடிவெட்டும் கருவியால் ஒட்ட எடுத்துவிட்டுச் சந்தனம் பூசுங்கள். நேர்த்திக்கடன் நிறைவேறும், தலையில் ஒரு கீறலும் விழாது. காது குத்துவதைத் தள்ளி வைப்பதே நல்லது. கட்டாயம் குத்தத்தான் வேண்டும் என்றால் மருத்துவமனையில் ஃபேக்டர் போட்ட பிறகு, அவர்கள் பார்வையில் குத்துங்கள். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தும் சடங்கைப் பெரியவர்கள் விட்டுக்கொடுக்கத் தயங்குவார்கள். மடியில் உட்கார வைத்துத் தோட்டை மட்டும் கையில் கொடுத்து ஆசீர்வதித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: முதல் பிரசவத்தில் ஒரு நாள் முழுக்க வலி அனுபவித்தேன். கடைசியில் வேக்கம் வைத்து எடுத்தார்கள். ஒருவர் வயிற்றை மேலிருந்து அழுத்தினார். குழந்தையின் தலையில் ஒரு பக்கம் உருண்டையாக வீங்கி, மூன்று வாரமாகியும் கரையவில்லை. ஏன் இப்படி ஆனது? குழந்தைக்கும் இரத்த நோய் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஒரு நாள் முழுக்க என்று நீங்கள் எண்ணுவது வீட்டில் முதல் வலி எடுத்ததிலிருந்து. தாதிகள் எண்ணத் தொடங்குவது கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகு. அதற்கு முந்தைய மெதுவான கட்டம் முதல் பிரசவத்தில் பல மணி நேரம் நீளலாம், அதை நோயாகக் கருதுவதில்லை. 5 சென்டிமீட்டருக்குப் பிறகு தலைப்பிரசவம் பொதுவாக 12 மணி நேரத்தையும், அடுத்தடுத்த பிரசவங்கள் 10 மணி நேரத்தையும் தாண்டுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வரையறுத்தது. வாய் முழுதாகத் திறந்து முக்கத் தொடங்கியபின் தலைப்பிரசவத்துக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம்.

பிரசவம் நகராமல் நிற்பதற்குக் காரணத்தை மூன்று இடங்களில் தேடுவோம்: வலியின் வலு, குழந்தை கிடக்கும் விதம், வழியின் அகலம். வலி வலுவில்லாமல் விட்டு விட்டு வந்தால் சொட்டு மருந்து ஏற்றி வலுப்படுத்தலாம். குழந்தையின் முகம் மேல்நோக்கி இருந்தால் தலை திரும்புவதற்கு நேரம் பிடிக்கும், தாய்க்கு முதுகு பிளப்பது போல வலிக்கும். வழி குறுகலாக இருந்தாலோ குழந்தை மிகப் பெரிதாக இருந்தாலோ, வலியைக் கூட்டுவது ஆபத்து, அறுவைச் சிகிச்சைதான் வழி. எதுவென்று பிரித்தறிய உதவுவது, கருப்பை வாய் திறக்கும் அளவைத் தாதி அட்டையில் குறித்துக்கொண்டே போகும் கோடு. அந்தக் கோடு ஓரிடத்தில் படுத்துவிட்டால் மருத்துவரை அழைப்பார்.

பெரிய சிகிச்சைக்கு முன் தாதியின் கையால் ஆகக்கூடிய சிறு வேலைகள் பல இருக்கின்றன, நான் அவற்றுக்கு மிகுந்த மதிப்புக் கொடுப்பவள். நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்கும் வழியை மறிக்கும், ஆகவே இரண்டு மணி நேரத்துக்கொரு முறை சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். மல்லாந்து படுத்தே கிடக்காமல் இடப்பக்கம் ஒருக்களிக்கவும், எழுந்து நடக்கவும், முன்னால் சாய்ந்து நிற்கவும் உதவ வேண்டும். குழந்தையின் துடிப்பை வலி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கொரு முறையும், முக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கொரு முறையும் கேட்க வேண்டும். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பிரசவ நேரம் குறைகிறது. வயிற்றை மேலிருந்து அழுத்திப் பிள்ளையைத் தள்ளும் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அடுத்த பிரசவத்தில் அப்படி யாராவது செய்ய முற்பட்டால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நீண்ட பிரசவத்துக்குப் பின் களைத்துப்போன கருப்பை சுருங்க மறுத்து இரத்தப்போக்கு மிகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த முறை கிளினிக்கில் பெயர் பதியும் நாளிலேயே, முதல் பிரசவம் எப்படி நடந்தது என்ற கடிதத்தைக் காட்டிவிடுங்கள்.

இனிக் குழந்தையின் தலை. பிறக்கும்போதே இருக்கும் மெத்தென்ற பொதுவான வீக்கம் இரண்டொரு நாளில் வடிந்துவிடும். ஒரே எலும்பின் எல்லைக்குள் நின்று, ஒரு பக்கம் மட்டும் உருண்டையாக இருப்பது எலும்பின் மேலுறைக்கடியில் தேங்கிய இரத்தம். அது கரைய வாரங்கள் ஆகும், சில குழந்தைகளுக்கு ஓரம் கெட்டியான பின்பே மறையும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது அந்த வகை என்றே தோன்றுகிறது. ஊசியால் குத்தி எடுக்கவோ, பற்றுப் போடவோ வேண்டாம். தேங்கிய இரத்தம் கரையும்போது மஞ்சள் காமாலை கூடலாம், ஆகவே கண்ணையும் தோலையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நாம் உண்மையில் அஞ்சுவது வேறொன்று: எலும்பின் எல்லையைத் தாண்டித் தலை முழுவதும் தளதளவென்று பரவி, காதுக்குப் பின்னும் பிடரிக்கும் இறங்கும் வீக்கம். அது பிறந்த சில மணி நேரத்திலோ முதல் நாட்களிலோ வரும், குழந்தை வெளிறித் துவண்டுபோகும், உயிருக்கே ஆபத்தாகும். உங்கள் குழந்தை அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டது.

வேக்கம் வைத்த பிள்ளைக்கு இப்படி வீங்குவது வழக்கம் என்பதால் இதை மட்டும் வைத்து இரத்த நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் வீக்கம் வளர்ந்துகொண்டே போயிருந்தால், தடுப்பூசி போட்ட இடம் கருத்துத் தடித்திருந்தால், தொப்புள்கொடி விழுந்த இடத்தில் இரத்தம் கசிந்திருந்தால், அல்லது உங்கள் உடன்பிறந்த ஆண்களில் யாருக்காவது மூட்டு வீக்கம் இருந்திருந்தால், உறைதல் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சிறு குழாய் இரத்தம் போதும்.

கேள்வி: ஐந்து வயது மகளின் கால்களில் திடீரென்று சிவப்புப் புள்ளிகள். டிங்கியா, ஹீமோஃபீலியாவா?

பதில்: ஹீமோஃபீலியாவில் புள்ளிகள் தோன்றுவதில்லை, பெரிய தடிப்புகளும் மூட்டுக் கசிவும்தான் அதன் அடையாளம். அழுத்தினாலும் மறையாத ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தட்டணுக் குறைவைக் காட்டுகின்றன. காய்ச்சல் இருந்தாலோ, அண்மையில் காய்ச்சல் அடித்து விட்டிருந்தாலோ, நம் ஊரில் முதலில் டிங்கிதான் நினைவுக்கு வர வேண்டும். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் டிங்கி முற்றும் என்பதால், உடம்பு குளிர்ந்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம், அன்றே இரத்தச் சோதனை செய்யுங்கள். சளி, காய்ச்சல் வந்து போய் ஓரிரு வாரம் கழித்து, ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் உடம்பில் புள்ளிகள் பூத்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கும் ஐடிபி என்ற நோயாக இருக்கக்கூடும். 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை அதில் சில ஆயிரங்களுக்கு இறங்கினாலும், பெரும்பாலான பிள்ளைகள் ஆறு மாதத்துக்குள் தாமாகவே தேறிவிடுகிறார்கள். அதுவரை மரம் ஏறுவதும் சைக்கிளும் வேண்டாம். வெளிறிப்போதல், எலும்பு வலி, கழுத்துக் கட்டிகள் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் ஹீமோஃபீலியா உள்ள மாணவன் ஒருவனுக்கு மூக்கில் இரத்தம் வந்தால் என்ன செய்வது?

பதில்: உட்கார வைத்துத் தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை இரு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் விட்டுப் பார்க்கக் கூடாது. அண்ணாந்து படுக்க வைத்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். 20 நிமிடமாகியும் நிற்காவிட்டால் பெற்றோரையும் மருத்துவமனையையும் அழையுங்கள். விளையாட்டு நேரத்தில் அவனை ஓரமாக உட்கார வைத்துவிட வேண்டாம். நீச்சலும் நடையும் மூட்டைப் பலப்படுத்துபவை, காற்பந்தும் சிலம்பமும் மட்டும் வேண்டாம்.

கேள்வி: என் தம்பிக்கு ஹீமோஃபீலியா, வயது 27, நல்ல வேலையில் இருக்கிறான். என் மகளை அவனுக்கே கட்டிக்கொடுக்க வேண்டும் என்று என் பெற்றோர் விரும்புகிறார்கள். மகளுக்கும் சம்மதம். பிறக்கும் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

பதில்: அக்காள் மகளை மணப்பதை 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் இந்துக்களுக்கு அவர்கள் வழக்கப்படி அனுமதிக்கிறது, ஆகவே இதில் சட்டச் சிக்கல் இல்லை. கேள்வி முழுக்க உங்கள் மகளின் இரத்தத்தைப் பொறுத்தது. உங்கள் தாயார் கடத்தியாக இருந்தால் நீங்கள் கடத்தியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, உங்கள் மகளுக்கு நான்கில் ஒன்று. அவள் கடத்தி இல்லை என்றால், இந்தத் திருமணத்தில் பிறக்கும் ஆண் பிள்ளைகள் யாருக்கும் நோய் வராது, பெண் பிள்ளைகள் எல்லோரும் கடத்திகளாக இருப்பார்கள். உங்கள் தம்பி வெளியில் பெண் எடுத்தாலும் இதே கணக்குதான்.

அவள் கடத்தியாக இருந்தால் நிலைமை வேறு. ஆண் பிள்ளைகளில் இரண்டில் ஒருவருக்கு நோய். பெண் பிள்ளைகளிலும் இரண்டில் ஒருவருக்கு, தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும் குறை சேர்ந்து வந்து, ஆண்களைப் போலவே முழு நோய் வரும். ஹீமோஃபீலியா உள்ள ஒரு பெண் வயதுக்கு வரும் நாளிலிருந்து ஒவ்வொரு மாதவிலக்கையும், பிறகு ஒவ்வொரு பிரசவத்தையும் மருத்துவமனைத் துணையோடு கடக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே பரிசம் போடுவதற்கு முன் நீங்களும் மகளும் மரபணுச் சோதனைக்குப் போங்கள். உறைகாரணி அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். தம்பியின் மரபணுவில் மாற்றம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் உங்கள் இருவரிடமும் அதைத் தேட முடியும், ஆகையால் முதல் இரத்தம் அவனுடையதாக இருக்க வேண்டும். அவன் வழக்கமாக ஃபேக்டர் போட்டுக்கொள்ளும் மருத்துவமனையிலேயே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், அவனுடைய நோய் அட்டையின் நகலை மூன்று எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், அதுவரை மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்று உங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள்.